மேனேஜரின் இடது இறக்கை

1

கதவைச் சாத்தியது நான்தான். இந்தக் கதை பிறந்தது அங்கேதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். வேறு மாதிரி தொடங்க மூன்று முறை முயன்றேன். அதில் ஒன்றை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

"அன்று காலை எங்கிருந்தோ வந்த ஒரு கறுப்புப் பூனை பால்கனியில் பதுங்கி"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பின்னால் நின்று அக்கா படித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை எங்கேருந்துடா வந்துச்சு?"

"கதைக்காக."

"கதைக்காக வாயில்லா ஜீவன் மேல பழி போடுவியா? நீதான் சாத்தின. நீதான்னு எழுது."

எழுதிவிட்டேன்.

2

அக்கா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வருஷமாக உடைந்த கைகால்கள் அவளிடம்தான் வருகின்றன. மாடி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மூன்றாவது, மேனேஜர்.

மேனேஜர் ஒரு சாம்பல் நிற ஆண்புறா. அக்காவோடு வேலை செய்கிற நர்ஸ் குஞ்சாகக் கொடுத்தது. பின்னால் கைகட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்வையிடும். மேஜைக்குக் கீழே குப்பை இருந்தால் நின்று, தலையைச் சாய்த்து, என்னை ஒரு பார்வை பார்க்கும். அதனால் இந்தப் பெயர். பேச்சில் எப்போதும் மரியாதைதான். "மேனேஜர் சாப்பிட்டாரா?" என்றுதான் அக்கா வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள். என்னைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. பலத்த காற்று. பால்கனியின் இரும்புக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. நான் போனில் யாரிடமோ என் எழுத்தைப் பற்றி நானே புகழ்ந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல் குதிகாலால் கதவை ஓர் உதை.

(அந்தச் சத்தத்துக்கு மூன்று உவமை எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அது எதைப் போலவும் இல்லை.)

3

கதவிடுக்கில் சிக்கிய மேனேஜரின் இடது இறக்கை தரையில் இழுபட்டது. ரத்தம். அக்கா ஓடி வந்தாள். பழைய துண்டால் மேனேஜரைப் போர்த்தித் தூக்கி, சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது.

பக்கத்துத் தெருவில் ஒரு கால்நடை டாக்டர். மாடும் நாயும் பார்ப்பவர். விளக்கைக் கிட்டே இழுத்து இறக்கையை விரித்தார்.

"ரெண்டு எலும்பும் போயிருக்கு. ஒண்ணு மட்டும்னா இன்னொண்ணு முட்டுக் கொடுக்கும். பறவைக்கு நான் பழக்கமில்லம்மா. வலியில்லாம ஒரு ஊசி போட்டு முடிச்சிடலாம்."

"எலும்பு தோலைக் கிழிச்சு வெளியே வந்திருக்கா, சார்?"

"இல்ல. தோல்தான் கிழிஞ்சிருக்கு."

"அப்ப முடிக்க வேணாம்."*

* இந்த இடத்தில் அக்காவுக்கு நீளமாக ஒரு வசனம் எழுதியிருந்தேன். உயிரின் மதிப்பு பற்றி. படித்துவிட்டு, "நான் இவ்வளவு பேசியிருந்தா அவர் வலியிலயே செத்திருப்பாரு" என்றாள்.

4

பறவைகளுக்கென்றே இருக்கும் டாக்டர் வேறு ஊரில். மழையில் பாலம் பழுதாகிச் சாலையை மூடியிருந்தார்கள். திறக்க இரண்டு வாரமாவது ஆகும். போனில் படம் அனுப்பினோம். அவர் சொன்ன அளவில் கால்நடை டாக்டர் புண் பழுக்காமலிருக்க மருந்தும் வலிக்கு மருந்தும் கொடுத்தார். கட்டுப் போடுவதை மட்டும் வீட்டிலேயே செய்ய வேண்டும்.

"கட்டறது என் தொழில் டாக்டர், நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

இறகில் ஒட்டாமல் தன் மேலேயே ஒட்டிக்கொள்கிற பேண்டேஜ். இறக்கையை அது இயல்பாக மடங்கும் வாக்கில் மடக்கி, எட்டுப் போல ஒரு சுற்று, பிறகு உடம்போடு சேர்த்து ஒரு சுற்று. அவள் விரல்கள் அளந்து வைத்தது போல வேலை செய்தன. கட்டு கச்சிதமாக இருந்தது.

மேனேஜர் வாயைத் திறந்தது. மூடவில்லை. வால் மேலும் கீழும் ஆடியது.

"கத்திரிக்கோல்!" என்றாள். கட்டை நீளவாக்கில் வெட்டி எறிந்தாள். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த பறவை டாக்டர் கத்தினார். "நெஞ்சை இறுக்காதீங்கம்மா! பறவைக்கு நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் மூச்சே!"

பத்தொன்பது வருஷ அனுபவம் ஒரு புறாவைக் கொல்லப் பார்த்தது என்று... (இது அழகான வாக்கியமாக முடிந்திருக்கும். வேண்டாம்.)

ஒரு நிமிஷம் கையைத் துடைத்தாள். மறுபடி கட்டினாள். இறக்கை நழுவியது. அவிழ்த்தாள். மூன்றாவது முறை, நெஞ்சுப் பக்கம் ஒரு விரல் நுழைகிற மாதிரி விட்டுக் கட்டினாள். மேனேஜர் வாயை மூடியது. நாங்கள் இருவரும் அதன் மூச்சை எண்ணிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

5

அட்டைப்பெட்டி, கீழே மெத்தென்று துண்டு, எட்டும் உயரத்தில் தண்ணீர், சோளம், பட்டாணி. முதல் இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. ஊறவைத்த பட்டாணியை அக்கா ஒவ்வொன்றாக வாயில் தள்ளினாள். மூன்றாம் நாள் தானே ஒரு சோளத்தைக் கொத்தியது. "மேனேஜர் டூட்டிக்கு வந்துட்டார்" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னாள்.

என்னிடம் பேச்சு தேவைக்கு மட்டும்தான். நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆறாம் நாள் கட்டை அவிழ்த்து, மூட்டு விறைத்துப்போகாமல் இறக்கையை மெல்ல நீட்டி மடக்க வேண்டும் என்றார் போனில் பறவை டாக்டர். ஒருவர் பிடிக்க, ஒருவர் நீட்ட.

"வா, பிடி."

"நர்ஸைக் கூப்பிடேன் அக்கா. எனக்குக் கை வராது."

"உதைக்கக் கால் வந்துச்சுல்ல? ஒடிச்சது நீ. நீயே பிடி."

ஆறு நாள் அடக்கி வைத்தது அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிடித்தேன். துண்டுக்குள் அந்தச் சின்ன நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. நான் இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"அப்படித்தான்" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு பிடிப்பது என் வேலை ஆயிற்று.

6

மூன்றாவது வாரம் சாலை திறந்தது. பறவை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு கூடியிருந்தது, லேசான கோணலோடு. பறக்குமா என்றோம். "சொல்ல முடியாது. பயிற்சி கொடுங்க" என்றார்.

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி அக்காவிடம் காட்டினேன்.

அ. மேனேஜர் பால்கனியிலிருந்து எழும்பி வானத்தில் புள்ளியாக மறைகிறது.

"வீட்டுல வளந்தவர் எதுக்குடா வானத்துக்குப் போறாரு? அங்க பட்டாணி யாரு போடுவா?"

ஆ. ஒரு காலையில் பெட்டிக்குள் மேனேஜர் அசையாமல்

இது முடியும் முன்பே தாளைக் கசக்கிவிட்டாள்.

இ. பறக்க முடியாவிட்டாலும் மேனேஜர் நிம்மதியாக அறை அறையாக நடந்து காலம் தள்ளுகிறது.

"அவர் இன்னும் ரிட்டயர் ஆகலடா. நடக்கறதை நீ ஏன் முடிக்கிற?"

ஆகவே நடப்பதை எழுதுகிறேன். இன்று நாற்பத்தேழாம் நாள். கூடத்தில் மெத்தை. அதன் நடுவில் நான் எழுதி, வாங்க ஆளில்லாமல் வீட்டில் கிடக்கும் புத்தகங்களின் அடுக்கு. அதன் உச்சியில் பட்டாணித் தட்டு. தினமும் ஒரு புத்தகம் கூடுகிறது. நேற்று பதினொன்று. இரண்டு முறை மெத்தையில் விழுந்து, மூன்றாவது முறை எழும்பி ஏறியது. என் எழுத்து ஓர் உயிரை உயர்த்தியதற்கு இதுவரை உள்ள ஒரே சாட்சி அதுதான்.

இப்போது அக்கா பன்னிரண்டாவதை வைக்கிறாள். மேனேஜர் கழுத்தை நீட்டி உயரத்தை அளக்கிறது. இறக்கைகளை விரிக்கிறது, வலது முதலில், இடது கொஞ்சம் பின்தங்கி.

ஏறியதா என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ஆடுகிறது, அதைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன்.