குதைபியாவுக்கு விருந்து வந்த மலை

வியாழக்கிழமை மதியம் ஆப்பிரிக்க மலை ஒன்று வளைகுடா நாடொன்றின் குதைபியாவில் சீதாராமன் குடியிருந்த இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து அழைப்புமணியை அடித்தது. படிக்கட்டு குறுகல் என்பதால் தன்னை ஒரு வாஷிங் மெஷின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் யுரேனியம் இருந்தது, அதுதான் வினை. மூன்று வல்லரசுகள் அதைக் கேட்டு அதன் நாட்டு வாசலில் தவம் கிடந்தன. ஒன்று, கடலே இல்லாத அந்த நாட்டுக்குத் துறைமுகம் கட்டித் தருவதாகச் சொன்னது. இன்னொன்று, ஆடு மட்டுமே ஓடும் பாலைவனத்தில் விளையாட்டரங்கம் என்றது. மூன்றாவது எதுவுமே வேண்டாம், நட்பு போதும் என்றது. அதைக் கண்டுதான் மலைக்கு அதிகப் பயம். தொல்லை தாங்காமல் கிளம்பிவிட்டது. முன்பு அதை அளக்கப் போன சர்வேயர் சீதாராமன், நாம் எல்லோரிடமும் சொல்வதைப் போலவே, எங்கள் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி, விசிட்டிங் கார்டையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்திருந்தார். அதை நம்பி வந்த முதல் ஆள் மலைதான்.

சீதாராமனின் மனைவி ராதா சோபாவை ஒதுக்கி இடம் செய்து காபி கொடுத்தாள். பக்கத்து ஃபிளாட்டார் மலையோடு செல்ஃபி எடுத்துப் போட்டதால் மறுநாளே மூன்று தூதர்களும் வந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுகொண்டே மலையை ஓரக்கண்ணால் அளந்தார்கள். விஷயம் சீதாராமனின் முதலாளி யஹ்யாவின் காதுக்குப் போனது. கட்டடமும் அவருடையது, விசாவும் அவர் கையில். மூவரில் யாரிடமாவது மலையை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் விசாவும் கலாஸ் என்று போனிலேயே சொல்லிவிட்டார். மகள் ஹர்ஷினிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சீதாராமன் மலையைக் கட்ட ஒரு கயிற்றைத் தேடி எடுத்தார்.

"வீட்டுக்கு வந்தவங்களைப் பிடிச்சு எப்படிங்க குடுக்கிறது?" என்றாள் ராதா.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம்தான் அதிகமாக இருந்தது. கயிற்றைக் கீழே போடவில்லை.

கடைசியில் யஹ்யாவே தூதர்களோடு வந்தார். வந்தவர் ராதா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இது விருந்தாளியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் மாறியது. விருந்தாளியிடம் மூன்று நாள் முடியும்வரை எதற்கு வந்தாய் என்று கேட்பதே தன் பாட்டன் வழியில் இழுக்கு, பிடித்துக் கொடுப்பது அதைவிட இழுக்கு. எந்த விருந்தாளியானாலும் தன் கூரையின் கீழ் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார்.

"எங்க ஊர்லயும் அதே கணக்குதான். விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்றாள் ராதா.

நான்காம் நாள் காலை தெருவில் மூன்று கிரேன்கள் நின்றன, யஹ்யாவும் வந்திருந்தார். மலை தானாகவே படியிறங்கி வந்தது. தூதர்கள் கைதட்டினார்கள். யார் முதலில் தொடுவது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அது தெருமுனை மளிகைக் கடை வரைக்கும் காலாற நடந்து, திரும்பி, மறுபடியும் மாடியேறி மணியை அடித்தது. கதவைத் திறந்தது சீதாராமன். படிக்கட்டு ஜன்னல் வழியாக ஒரு கணம் தெருவைப் பார்த்தார், யஹ்யாவைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்றார்.

கீழே யஹ்யா தாடியைத் தடவிக்கொண்டு, புது விருந்தாளி வந்திருப்பதாகத் தூதர்களுக்கு அறிவித்தார். சத்தியம் சத்தியம்தானே.

ஹர்ஷினி பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். காத்திருந்து சலித்த தூதர்கள் மூவரும் அதே கட்டடத்தில் வாடகைக்குக் குடிவந்துவிட்டதால் யஹ்யா விசா பேச்சை எடுப்பதேயில்லை. மலை மூன்று நாளைக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறது. இறங்கும்போது குப்பைப் பையை எடுத்துக்கொண்டு போகிறது. கொத்தமல்லி வேண்டுமென்றால் ராதா முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள்.