கடித்தது எலிதான்

சூசைக்கு வாழ்நாளில் சந்தேகம் என்று ஒன்று வந்ததே கிடையாது. அவருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டே அவர் பெண்டாட்டி ஆனந்தமேரிக்குப் பாதி ஆயுசு போயிற்று. மழை வராது என்பார். காயப்போட்ட சோளம் நனையும். மோட்டாரில் கோளாறே இல்லை என்பார்; மோட்டார் புகையும். நனைந்த சோளத்தை அள்ளும்போதுகூட, இதெல்லாம் மழையா, சும்மா தூறல் என்று சாதிக்கிற மனுஷனை என்ன செய்வது?

அன்றைக்கு விடியற்காலையில் அகரத்துத் தோட்டத்தில் இரண்டு பேரும் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் குனிந்த சூசை கணுக்காலை உதறினார். எலி கடித்துவிட்டது என்றார். பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லையாம். ஆனால் எலிதானாம். பாம்பென்றால் இந்நேரம் கால் வீங்கியிருக்கும், வலி உயிர் போயிருக்கும், இதுகூடத் தனக்குத் தெரியாதா என்று அவளையே அதட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினாள். மார்க்கெட்டுக்குப் பூ போக வேண்டாமா என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்துத் தோட்டத்து மூக்காயி சத்தம் கேட்டு வந்தாள். வரும்போதே கை நிறைய வேப்பிலையை உருவிக்கொண்டு வந்தாள். விஷம் ஏறினவனுக்கு வேப்பிலை கசக்காது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனந்தமேரிக்கும் அதில் முழு நம்பிக்கை. சூசை வாயில் போட்டுக்கொண்டு, கசக்கிறது, போதுமா என்றார். மூக்காயி வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆனந்தமேரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வேப்பிலை பொய் சொல்லாது, சரி. இந்த மனுஷன்? சூசை மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டு, சீக்கிரம் எழுந்தது தூக்கம் சொக்குகிறது, செத்த நேரம் படுக்கிறேன் என்றார். இமை மேலே ஏறவே இல்லை. அவள் விறுவிறுவென்று போய்ப் புளியங்கொழுந்தைக் கிள்ளி வந்து, கண்ணை மூடியிருந்தவர் வாயில் திணித்தாள்.

"இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"கசக்குதுடி. எத்தன வாட்டி சொல்றது?" பேச்சு குழறியது.

புளிப்பைக் கசப்பு என்கிற நாக்கு செத்த நாக்குதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அந்தோணியாரே என்று அவள் போட்ட கூச்சலில், பூ ஏற்ற வந்த லோடு ஆட்டோ ஈஸ்வரன் பூவை விட்டுவிட்டு சூசையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பறந்தான். அவர் வழியெல்லாம் எலிதான், எலிதான் என்று முனகிக்கொண்டே வந்தார். தாடிக்கொம்பு தாண்டியதும் அந்த முனகலும் நின்றுபோயிற்று.

கட்டுவிரியனாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. அது கடித்தால் வலிக்காதாம், வீங்காதாம். மருந்து ஏற்றி, தொண்டையில் குழாய் போட்டு, எப்படியோ ஆளை மீட்டார்கள். வேப்பிலைக் கதையைக் கேட்டதும் டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். கசப்புக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே கிடையாது, விரியன் கடித்தவனுக்கும் வேப்பிலை நன்றாகவே கசக்கும், இமை தொங்கியதுமே ஓடிவந்திருக்க வேண்டாமா என்று கத்தினார். ஆனந்தமேரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியென்றால் புளியங்கொழுந்து எப்படிக் கசந்தது?

குழாயை எடுத்த பிறகு அவரிடமே கேட்டாள். சூசை தொண்டை கமறச் சொன்னார்: "நான் எங்க மென்னேன்? ரெண்டையும் கன்னத்துல அதக்கிக்கிட்டேன். வேப்பிலைன்னா கசக்கும்னு தெரிஞ்ச விஷயந்தானே. அதை மென்னு வேற பாக்கணுமாக்கும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அடித்தும் கொண்டாள். நல்லா நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"நீங்க ஒழுங்கா மென்னு, புளிக்குதுன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "நானே பாயை விரிச்சு உங்களைப் படுக்க வச்சிட்டு, மிச்சப் பூவைப் பறிக்கப் போயிருப்பேன்."