புதுப்பிக்காத பிரதி

1

இந்தக் கதையில் பாதியை, மலேசியாவில் ஜோகூரின் லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் கிரகோரி அண்ணன் சொல்லக் கேட்டேன். மீதிப் பாதியை அவர் மனைவி டொரத்தி அக்கா சொன்னார், அவருக்குத் தெரியாமல். அந்த மீதிப் பாதி இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய ஒரு மாலையில் தன் நூலகம் காலியாகிவிட்டதைக் கிரகோரி கண்டார். அவர் விழிகளில்

விழிகளில் ஒன்றும் இல்லை. மழையும் பெய்யவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினார், அவ்வளவுதான். மறுபடி தொடங்குகிறேன்.

2

கிரகோரி அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பதினெட்டு ஆண்டு பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தார். வாரம் முழுக்க அங்கே வாடகை அறை, சனிக்கிழமை லாபிஸ். அறையில் புத்தகம் அடுக்க இடமில்லாததால் மின்நூல் கருவி ஒன்றை வாங்கினார். புத்தகக் கடைக்கு அறையின் விலாசத்தைக் கொடுத்தார். அந்தக் கடை மலேசிய விலாசத்துக்குப் பல புத்தகங்களை விற்காது. ஜோகூரில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இங்கே பாதிப் பேருக்கு இரண்டு விலாசம்: ஒன்று வாழ, ஒன்று வாங்க.

மொத்தம் இருநூற்றுப் பதினொரு புத்தகங்கள். இந்தக் கதைக்கு ஒன்று போதும். கலங்கரை விளக்கத்தில் நடக்கும் கொலையைப் பற்றிய தடித்த ஆங்கில நாவல் அது. அக்காவுக்குப் படிவம் நிரப்பும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும், நாவல் படிக்கும் அளவுக்குத் தெரியாது. அதனால் கருவியில் குறிப்பெழுத இருக்கும் இடத்தில், ஒவ்வொரு பத்திக்கும் அண்ணன் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார். சனிக்கிழமைகளில் சோறு வேகும் நேரத்தில் அக்கா அதைப் படிப்பார். மூன்று ஆண்டுகளில் முப்பத்தோரு அத்தியாயம் முடிந்திருந்தது. பாக்கி மூன்று. கொலைகாரன் யாரென்று அக்காவுக்கு இன்னும் தெரியாது.

(வாயாலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நானும் கேட்டேன். "சொன்னா உங்க கதையா ஆயிடும், எனக்கு அந்த நாவல்காரன் எழுதினதுதான் வேணும்கிறா உங்கக்கா," என்றார் அண்ணன்.)

3

போன ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். அடுத்த வாரமே கருவியைத் திறந்தால் நூற்று அறுபத்து மூன்று புத்தகங்களைக் காணோம். நாவலும் போயிற்று, அதோடு மூன்று ஆண்டுக் குறிப்புகளும்.

கடைக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: 'உங்கள் வேண்டுகோளின்படி கணக்கின் நாடு மலேசியாவாக மாற்றப்பட்டது. இந்நூல்கள் உங்கள் நாட்டில் கிடைப்பதில்லை. நீங்கள் பெற்றிருந்தது படிப்பதற்கான உரிமம்.'*

* பதிலின் கடைசி வரி: 'எங்களிடம் வாங்கியதற்கு நன்றி.'

"நான் மாத்தவே இல்லடா. என் பேருல பொய் சொல்றானுங்க," என்றார் அண்ணன்.

பழைய விலாசத்தைத் திரும்பப் போடப் பார்த்தார். சிங்கப்பூர் வங்கி அட்டை வேண்டுமென்றது கடை. வேலையை விட்டபோதே அந்தக் கணக்கை மூடியிருந்தார். நான்கு மாதம் சண்டை போட்டார். இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு தயார். முதல் வரியே இதுதான்: 'விலாசத்தை நானோ என் வீட்டாரோ மாற்றவில்லை.' திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறார். மாதா கோயிலில் பாதிரியார் முதல் பூ விற்பவர் வரை எல்லோருக்கும் இது தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆசை வந்தது. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் பூச்சாடி வாங்குகிறோம். பிறகு வீடு மாறுகிறோம். சாடிக் கடைக்காரன் வந்து, இந்தத் தெருவில் என் சாடி இருக்கக்கூடாது என்று தூக்கிப்போனால் அவனைச் சும்மா விடமாட்டோம். புத்தகக் கடைக்காரன் செய்தால் மட்டும் விதிமுறையைப் படிக்கிறோம். இது திருட்டு. விதிமுறையில் எழுதி வைத்துவிட்டுச் செய்வதால் வேறு பெயர் கிடைத்துவிடாது.

ஆனால் விலாச விஷயத்தில் கடை பொய் சொல்லவில்லை.

4

விலாசத்தை மாற்றியவர் டொரத்தி அக்கா.

அவர் மாதா கோயில் அலுவலகத்தில் குமாஸ்தா. அண்ணன் ஊரோடு வந்த மறுநாள் காலையில் பட்டியல் போட்டார். காப்புறுதி, கைப்பேசி, உறவுக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைக்கான முகவரி, எல்லாவற்றிலும் சிங்கப்பூரை அடித்து லாபிஸ். பட்டியலில் ஒன்பதாவது புத்தகக் கடை. அண்ணனின் கருவியிலேயே அவர் கணக்கைத் திறந்து மாற்றினார். 'உறுதியா?' என்று கேட்டது. அழுத்தினார். கீழே பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். அண்ணனிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் சிரித்து முடிந்திருக்கும். அண்ணன் கடைக்காரனைப் பொய்யன் என்று ஊர் முழுக்கச் சொன்ன பிறகு வாய் வரவில்லை.

இந்தப் பாத்திரத்தை எழுதுவது எனக்குச் சிரமமாக இருந்தது. முதல் வரைவில் கோழையாக்கினேன். இரண்டாவதில் தியாகியாக்கினேன். இரண்டையும் அழித்துவிட்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்யப்போய் ஒன்பதாவது வரியில் பிசகிய குமாஸ்தா, அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

5

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் அதே கடையில்தான் வாங்கியிருப்பீர்கள். வேறு கடை எனக்கு அமையவில்லை. இந்தக் கதை வெள்ளிக்கிழமை அங்கே மின்நூலாக வெளியாகிறது. கடையோடு சண்டை இருந்தாலும் உனக்காக வாங்குகிறேன் என்கிறார் அண்ணன்.

அதனால் அக்காவிடம் வரைவைக் காட்டினேன். பக்கத்து ஊரான பெக்கோக்கில் ஆலையில் இரவு வேலை முடித்து நேராக மண்டபத்துக்குப் போயிருந்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். நாலாம் பகுதியில் கடையே விலாசத்தை மாற்றியதாக எழுதச் சொன்னார். கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் விளக்கம் கொடுத்தேன். அவசரமில்லை அக்கா, இப்படியே வெளியாகட்டும், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுக்கூட மாற்றலாம். எழுதியவனுக்கு ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். அழுத்தினால் வாங்கியவர்கள் எல்லோருடைய கருவியிலும் பழையது போய்ப் புதியது வந்துவிடும், யாரையும் கேட்காது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அக்கா நாற்காலி ஒன்றை விரித்து உட்கார்ந்தார்.

"அவரு ஒரு தடவ படிச்சிட்டாருன்னா?"

"படிச்சது போயிடும்கா."

"திரும்பத் தேடினா?"

"இருக்காது. அவருதான் தப்பா ஞாபகம் வச்சிருக்காருன்னு நினைப்பாரு."

"அப்ப நீயும் அந்தக் கடையும் ஒண்ணுதான்லா." தாள்களை என்னிடம் நீட்டினார். "என் பேரு அப்படியே இருக்கட்டும். அவரு வாங்கினதுல மட்டும் கை வைக்காத."

நீங்களே முந்திச் சொல்லிவிடலாமே என்றேன்.

"நாலு மாசமா சொல்லத்தான் பாக்குறேன். வெள்ளிக்கெழமக்குள்ள முடிஞ்சா சொல்றேன். முடியலன்னா நீ சொன்னதா இருக்கட்டும்."

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், அண்ணன் சனிக்கிழமை நாலாம் பகுதியைப் படித்துச் சிரித்து மனுவைக் கிழிக்கிறார். நான்கு மாதம் ஊரெல்லாம் கத்திய மனிதர் அப்படிச் சிரிக்கமாட்டார்.

இன்னொன்றில், எல்லாம் தெரிந்தும் மனுவில் கையெழுத்துப் போடுகிறார், மனைவி பெயர் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் இருக்க. படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன்.

மூன்றாவது: 'அவர் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பதற்குப் பதிலாக

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: நாலாம் பகுதியின் முதல் வாக்கியத்தில் டொரத்தி அக்காவின் பெயர் இருக்கிறது. உங்கள் பிரதியில் அது என்றைக்காவது மாறியிருந்தால், நான் பொத்தானை அழுத்திவிட்டேன் என்று அர்த்தம். அப்போது நான் சொல்லும் எந்தக் காரணத்தையும் நம்பாதீர்கள். இப்போதே ஒரு தாளை எடுத்து அந்த வாக்கியத்தைப் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கிரகோரி கையெழுத்துப் போட்டாரா என்பதை அதன் கீழே நீங்களே எழுதுங்கள். அந்தத் தாளுக்கு என் கை எட்டாது.