நாலாவது அட்டை

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனாலும் எங்கே போவதென்றாலும் முந்தின நாளே ஒரு ஒத்திகை பார்த்து, எத்தனை நிமிஷம் என்று குறித்து வைக்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. மகன் எங்களுக்கு நாலு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கப்பல் கிளம்புவது காலை பதினொரு மணிக்கு. இவரோ முதல் நாள் மதியமே துறைமுகத்துக்குப் பக்கத்தில் போய் ஓட்டலில் தங்கியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு பாட்டம் முணுமுணுக்கிற நான், அன்றைக்கு நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

காரணம், அந்த ஊரில் பதினேழு இருந்தாள்.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கம்பெனியில், காணாமல் போன பார்சல்களைத் தேடுகிற மேசையில். எங்கள் கிளையின் எண் நாற்பத்திரண்டு. துறைமுகக் கிளையின் எண் பதினேழு. அங்கே இதே வேலையில் இருந்தவள் அவள். ஒருவரையொருவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருஷமாகத் தினமும் போனில் பேசினோம். பார்சல் கிடைத்த பிறகும் பேச்சு நிற்காது. என் ஆபரேஷன், அவள் புருஷன் போனது, என் மகன் பரீட்சையில் கோட்டை விட்டது, அவள் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எல்லாம் அந்த ஒயர் வழியாகத்தான் போய் வந்தன. என் வீட்டுக்காரருக்குத் தெரியாததுகூட அவளுக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது. போட்டோ அனுப்பச் சொல்லி இரண்டு பேருமே கேட்டதில்லை. பார்த்தால் நேரில்தான் பார்ப்பது என்று ஒரு வீம்பு.

அவள் போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டாள். நாங்கள் ஓட்டலில் தங்குகிற அன்றைக்கே சாயங்காலம் ஏழு மணி ரயிலில் தன் மகன் வீட்டுக்குப் போகிறாள். இரண்டு நாள் பயணம். முழங்கால் இரண்டும் போய்விட்டதால், இனி ரயில் ஏறுவது இதுதான் கடைசி என்று சொல்லியிருந்தாள். எங்கள் ஓட்டலுக்குப் பின்தெருவில் ஒரு பேக்கரி. ஐந்தரைக்கு அங்கே வந்துவிடுவாள், ஆறேகாலுக்கு டாக்சி வரும். பத்தொன்பது வருஷத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கூடவே வந்து நடுவில் உட்கார்ந்து, அவளுடைய ரயில் எத்தனை நிமிஷம் தாமதமாக ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஊக்கு வாங்கிவிட்டு வருகிறேன் என்று நைசாகக் கழன்றுகொள்ளலாம் என்பது என் திட்டம்.

பெரிய பைகளைக் கப்பல்காரர்களே நாலு மணிக்கு ஓட்டலில் வந்து எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் கப்பலில் நம் அறை வாசலில் வைத்துவிடுவார்கள். அதற்காகப் பைகளில் மாட்ட நாலு அட்டை அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் பெரிய பை மூன்று. நாலாவது சின்னப் பை. அன்றைக்குச் சாயங்காலம் கட்டவேண்டிய புடவை, மறுநாள் துணிமணி எல்லாம் அதில்தான். பயணக் கசகசப்பு போகக் குளித்துவிட்டு நைட்டியோடு வெளியே வந்தேன். இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு பையும் கரெக்டா நாலு மணிக்குப் போயிடுச்சு. உன் செருப்பும் பழைய புடவையும் தரையிலயே கிடந்துச்சு, அதையும் உள்ள வச்சு அனுப்பிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. துறைமுகம் வரை ஒரு நடை போய் நேரம் பார்த்துவிட்டு வருவதாகவும், தன் போனில் சார்ஜ் இல்லாததால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலு பை என்றது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அலமாரியைத் திறந்தேன். நாலு வெறும் ஹேங்கர் தொங்கின. அவர் புத்தி எனக்குத் தெரியாதா? நாலு அட்டை கொடுத்திருக்கிறார்கள், மூன்றை மட்டும் மாட்டினால் கணக்கு இடிக்குமே என்று கைப்பிடி இருந்த எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறார். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். பெண்டாட்டிக்குத்தான் கட்ட ஒரு முழத் துணி இல்லை. முப்பது வருஷமாக இந்த மனிதரோடு மாரடித்ததற்கு அன்றைக்கு வாய்விட்டே திட்டினேன். கேட்கத்தான் ஆளில்லை.

கீழே வரவேற்பில் இருந்த பெண்ணை அறைப் போனில் கூப்பிட்டேன். வேன் போய்விட்டது மேடம், காலையில் உங்கள் கேபின் வாசலில் இருக்கும் என்று தேனாகச் சொன்னாள். என் போன் நம்பரைச் சொல்லி இணைக்கச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடக்கும்போது போனை எடுத்தால் நேரக் கணக்கு கெட்டுவிடும் என்று இவர் எடுக்கமாட்டார். பதினேழின் கைப்பேசி எண் அந்தப் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது அவள் ஆபீஸ் எண் ஒன்றுதான். பழக்க தோஷத்தில் அதற்கும் அடித்தேன். யாரோ ஒரு ஆண் எடுத்து, அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்களே என்றான்.

ஜன்னல் நாலு விரல்கடைதான் திறந்தது. அதன் வழியே பின்தெருவும், பேக்கரியின் பச்சைத் தகரக் கூரையும், வாசலில் பாதியும் தெரிந்தன. ஐந்து இருபதுக்கு உயரமான ஒரு பெண் உள்ளே போனாள். குரலுக்குப் பொருத்தமாக இருந்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு குள்ளமாக ஒருத்தி. பிறகு கைக்குழந்தையோடு ஒருத்தி. எவள் என்னுடையவள் என்று தெரியாமல் ஒவ்வொருத்திக்காகவும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

படுக்கை விரிப்பை உருவிப் புடவைபோலச் சுற்றிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் பாடையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தது. அவிழ்த்துப் போட்டேன். திரைச்சீலையை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இவர் இப்போது வந்துவிடுவார், அவர் போட்டிருக்கிற சட்டையையாவது கழற்றி வாங்கி மேலே போட்டுக்கொள்ளலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது. இரண்டு தடவை போய்த் திறந்தேன். ஒரு தடவை நடையில் ஆள் சத்தம், மூடிவிட்டேன். இன்னொரு தடவை யாருமே இல்லை. அப்போதும் மூடிவிட்டேன்.

மணி ஆறு ஆயிற்று. ஆறு ஐந்து. இந்தக் கட்டிலில் இப்படியே உட்கார்ந்து அவளை ரயிலேற்றிவிட்டுக் கப்பலில் போய் என்னத்தைக் காணப்போகிறேன் என்று ஒரு ஆத்திரம் வந்தது. குளியல் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டேன். அறையில் கிடந்த காகிதச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி அவரிடம். இனித் திரும்பிப் போகவும் வழியில்லை.

லிஃப்டில் ஒரு குடும்பமே நின்றது. ஐந்து பேரும் ஐந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வரவேற்புப் பெண் யாருக்கோ ரசீது கிழித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருவர் என்மேல் மோதப் பார்த்து, சாரிம்மா என்று விலகிப் போனார். அவ்வளவுதான். ஒரு ஈ காக்கைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இத்தனை நேரம் யாருக்குப் பயந்தேன் என்றுதான் இருந்தது. காகிதச் செருப்பு பாதி வழியிலேயே கிழிந்தது. உதறிவிட்டு ஓடினேன்.

பேக்கரிக்காரம்மாவிடம், யாராவது எனக்காகக் காத்திருந்தார்களா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வாசலோரம் பெட்டியைத் தூக்கப்போன குள்ளப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாற்பத்திரண்டு?" என்றாள்.

குரல் அதே குரல். முகம்தான் முன்பின் தெரியாத முகம். கட்டிக்கொண்டோம். அவள் தலை என் தோளுக்குத்தான் வந்தது. "என்னடி கோலம் இது?" என்று துண்டை இழுத்து இழுத்துச் சிரித்தாள். நான் அட்டைக் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவள், கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, பார்சல் தொலைந்தால் ஒவ்வொன்றாகக் கேட்போமே, அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

"கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாரா?"

"இல்ல."

"போகாதேன்னு சொன்னாரா?"

"அவருக்குத் தெரியவே தெரியாதுடி."

"எத்தனை மணியில இருந்து அங்க உக்காந்திருந்த?"

"நாலரை."

அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். முட்டிக்குத் தைலம் போடுகிறாயா என்றுதான் கேட்க வந்தது. போடுகிறேன் என்றாள். ரயிலில் தனியாகச் சாப்பிட்டுக்கொள்வாயா என்றேன். அதற்குள் ஓட்டுநர் வந்து பெட்டியைத் தூக்கினார். அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் உட்காரவைத்தேன். ஏறுவதற்கு அவளுக்கு நேரமாயிற்று. அது முடியும்வரை என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி போய்விட்டது. மொத்தமாகச் சேர்த்தால் ஏழு நிமிஷம் இருக்கும்.

பேக்கரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் இவர் என்னைக் கண்டுபிடித்தார். அறையில் ஆளைக் காணோம் என்றதும் ஓட்டல் முழுக்கத் தேடிவிட்டுத் தெருவெல்லாம் ஓடி வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கோலத்தைப் பார்த்ததும் தான் செய்த காரியம் அவருக்கே புரிந்துவிட்டது. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுகத்துக்குப் போன நேரம், வந்த நேரம் எதையும் சொல்லவில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ரூம்ல இருந்து எத்தனை மணிக்கும்மா கிளம்பின?"

அவரைத் திட்ட எனக்கு ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"நாலரைக்கே கிளம்பியிருக்கணுங்க" என்றேன்.