ஓடையின் இந்தப் பக்கம்

பெதியா மடக்கு மேசையை வறண்ட ஓடையின் கரையில் விரித்து, ஆட்டம் கண்ட காலுக்கு அடியில் ஒரு சப்பைக் கல்லைச் சொருகினாள். அலுவலர் ஜெவ்தெத்தை அதன்முன் உட்கார வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஊர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சகிஸ்லியின் ஊர்த்தலைவியான இந்த நான்கு வருஷத்தில் முத்திரை அவளை விட்டுப் பிரிந்ததில்லை. குளிக்கப் போனாலும் பை கூடவே போகும் என்று ஊரில் கேலி செய்வார்கள். போகத்தான் செய்தது.

வினை ஜூலையில் வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இந்த மனிதர் தலைக்கணக்கு எடுக்கக் கடற்கரைக்குப் போய், சகிஸ்லியின் கதவுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு நாய் மட்டும் எழுந்து வந்ததாம். குடியிருப்போர் எவருமில்லை என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். ஜூலையில் அந்தக் கரையில் வெளியூர்க்காரனைத் தவிர எவன் இருப்பான்? வாழை பயிரிடும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குக் கீழே மனுஷன் வெந்துபோவான். ஆடுகளையும் அடுப்புகளையும் தூக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் மே மாதமே மலைமேல் இருக்கும் கோடை வீடுகளுக்கு ஏறிவிடும். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும், அரசு உத்தரவுக்குத் தெரியாது. முந்நூறு தலை இல்லாத ஊர் பக்கத்து யெனிகோயில் ஒரு தெருவாகிவிடும் என்றது உத்தரவு. செய்தி கேட்ட மறுநாளே பெதியா மலையிலிருந்து இறங்கி அலுவலகத்தில் போய் நின்றாள்.

"மேல வந்து எண்ணுங்க சார். எல்லாரும் அங்கதான் இருக்கோம்."

"மேல இருக்கிறது அடுத்த வட்டம்மா. அங்க என் பேனா எழுதாது."

"எதுவரைக்கும் எழுதும்?"

அவர் வரைபடத்தில் விரலை வைத்தார். மலையின் இடுப்பில், கோடை வீடுகளிலிருந்து அரை மணி நடையில், ஓர் ஓடை.

"அப்ப பேனாவ அதுவரைக்கும் கொண்டாங்க. ஆளுங்கள நான் கொண்டாரேன்."

கணக்கை முடிக்க இன்றுதான் கடைசி நாள். ஓடையின் நடுவே இரண்டு வட்டங்களையும் பிரிக்கும் கற்களுக்கு நேற்றே வெள்ளையடித்து வைத்திருந்தாள். காலையிலிருந்து சனங்கள் ஒவ்வொருவராகக் கல்லைத் தாண்டி வந்து, பெயர் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, மோர் வாங்கிக் குடித்தார்கள். செருப்பை அந்தப் பக்கம் விட்டுவிட்ட ஒருத்தி திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். "என்னைய ரெண்டாந்தரம் எழுதிடாதீங்க சார், எம் புருஷனுக்கு ஒருத்தியே அதிகம்" என்று அவள் சொன்னதும் ஓடை முழுக்கச் சிரிப்பு. அலுவலரும் சிரித்துவிட்டார்.

நான்கு மணிக்குக் கணக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு. பாக்கி துர்முஷ் வீட்டின் நான்கு பேர். ஐந்து மணிக்குக் கணக்கேடு கீழே போயாக வேண்டும்.

துர்முஷ் தேர்தலில் பெதியாவிடம் நான்கே வாக்கில் தோற்றவர். அன்றிலிருந்து அவளைக் கண்டால் ஆகாயத்தைப் பார்ப்பார். யெனிகோயோடு சேர்ந்தால் ரோடாவது வரும் என்று டீக்கடையில் பேசித் திரிந்தார். ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிய பெதியாவும் அவர் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. குழாய் வேலைக்கு ஆள் அனுப்பினாள், தான் போகவில்லை. ஜெயித்தவள் எதற்குப் போக வேண்டும் என்ற திமிர்தான், வேறென்ன. இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாலேகாலுக்குத் துர்முஷ் வந்தார். மனைவி கெஸ்பான், மகன், மருமகள், நான்கு நாற்காலி, ஒரு டீ கெட்டில். வெள்ளைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, அந்தப் பக்கத்தில், நாற்காலிகளைப் போட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். கெஸ்பான் டீ ஊற்றினாள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல நிதானமாகக் குடித்தார்கள்.

"அங்க இருந்தா எழுத முடியாது" என்றார் அலுவலர்.

"எழுதச் சொல்லி யார் கேட்டா? காத்து வாங்க வந்தோம்" என்றார் துர்முஷ்.

கூட்டம் முணுமுணுத்தது. பெதியா கையை உயர்த்தி அமர்த்தினாள். பிறகு, நான்கு வருஷமாகக் கையைவிட்டு இறங்காத பையை மேசைமேல் வைத்துவிட்டு, கல்லைத் தாண்டிப் போய் அவர் நாற்காலிக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"எனக்கொரு டீ குடு கெஸ்பானக்கா."

குடித்தாள்.

"துர்முஷண்ணே, உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கணும். வரல. தப்புதான். நீங்க இல்லாம இந்த ஊரு ஊரா நிக்காது."

"இத சொல்ல நாலு வருஷமா உனக்கு?"

"நாலு வருஷந்தான். கழுத மாதிரி பிடிவாதம். உங்ககிட்ட கத்துக்கிட்டதா இருக்கும்."

கெஸ்பான் பொத்துக்கொண்டு சிரித்தாள். கெட்டிலை ஆட்டிப் பார்த்தாள். "தண்ணி தீந்துபோச்சு. அடுப்பு மேசைப் பக்கந்தான எரியுது?" என்றபடி எழுந்தாள். மகனும் மருமகளும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்கள். அலுவலர் பெயர் கேட்டு எழுதினார். இருநூற்றுத் தொண்ணூற்றேழு. எட்டு. ஒன்பது.

துர்முஷ் அசையவில்லை. மணி நாலே முக்கால்.

"ரோடு?" என்றார் அவர்.

"அது உங்க வேல. மனு நீங்க எழுதுங்க, முத்திர நான் குத்துறேன். சேந்தே போய் குடுப்போம்."

பெதியா காலி கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கல்லைத் தாண்டி மேசைக்குப் போனாள். கெஞ்சியது போதும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் மணலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பினாள். துர்முஷ் மறுபடி உட்கார்ந்துவிட்டிருந்தார். நாற்காலியின் முன்னங்கால் இரண்டும் வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம், பின்னங்கால் இரண்டும் அந்தப் பக்கம். அடுப்படியில் நின்ற மனைவியை நோக்கி, காலி கிளாஸோடு அவர் கை நீண்டிருந்தது.

அலுவலர் பேனா மூடியைக் கழற்றி, பெதியாவின் முகத்தைப் பார்த்தார்.