ஐந்து வீட்டுக்கு ஒரு நம்பர்

"அந்தப் போனை ஜன்னலால எறி வதனி! இல்லாட்டி நான் எறிவன்!"

"எறிஞ்சா மரியம்மா மாமி என்னத்தைச் சாப்பிடுறது?"

"இது மூண்டாவது வேலை! இதுவும் போனா நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?"

கனடாவில், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை. காதை வைக்கத் தேவையில்லை. ஆனாலும் வைத்தேன்.

விஷயம் இதுதான். மட்டக்களப்பில் அரசாங்க உதவிப்பணம் போன் வழியாக மாறியபோது, வதனியின் ஒழுங்கையில் அவளிடம்தான் ஒழுங்கான போன் இருந்தது. பதிய வந்தவரிடம் ஐந்து வீடும் அவளுடைய நம்பரையே கொடுத்தன. பிறகு அவள் இங்கே வந்து அகதிக் கோரிக்கை போட்டாள், ஜோன்சனைக் கட்டினாள். நம்பரும் கூடவே வந்துவிட்டது.

அங்கே வெயில் தாழ ஒரு மாமி கடையில் காசெடுக்கப் போனால், இங்கே காலை எட்டு மணிக்கு வதனியின் போனுக்கு ஆறு இலக்க இரகசிய எண் வரும். ஐந்து நிமிடத்துக்குள் கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். மூன்று தரம் தவறினால் பெயர் வெட்டுப்படும். மரியம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு. வதனிக்கோ ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை. எட்டு மணிக்குப் போன் பெட்டிக்குள் பூட்டப்படும். நம்பரை மாற்ற அவளே நேரில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். கோரிக்கை முடியாமல் எப்படிப் போவது?

நான் கதவைத் தட்டினேன்.

"கொண்டா பிள்ளை. எனக்கு ஆறு இலக்கம் வாசிக்கத் தெரியாதோ?"

"மாக்கிரட் அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றான் ஜோன்சன், நன்றாகத் தெரிந்துகொண்டே.

உண்மைதான், ஐந்து வீட்டுப் புதினம் சும்மா கிடைக்கிறதே என்று ஆசை. போன் என் கைக்கு வந்தது. முதல் மாதம் தேன். யார் மருமகளோடு கோபம், யார் வீட்டுக் கிணறு வற்றியது, எல்லாம் வந்தது. மூன்றாம் மாதம் பல் வைத்தியரைத் தவறவிட்டேன். என் மகள் நிருஷாவின் கலியாணத்தில் பாதிரியார் சம்மதம் கேட்கிற நேரம் போன் அடித்தது. அன்று கடைக்காரன் பிந்தித் திறந்தானாம். கோயிலுக்குள் குனிந்து ஆறு இலக்கம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

போன மாதம் வதனியின் கோரிக்கை வென்றது. துள்ளினேன்.

"இனிப் போய்க் கையெழுத்து வைக்கலாம்தானே?"

"ஐயோ அக்கா, அங்க போக ஏலாதெண்டுதானே அகதியா ஏத்துக்கொண்டவங்கள். போனா ஏன் போனனீ எண்டு கேப்பாங்கள். சிற்றிசன் கிடைக்கட்டும்."

அதற்கு எத்தனை வருஷம் என்று விரல்விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை.

நிருஷா ரொறொன்ரோ போய்விட்டாள். வதனியும் ஜோன்சனும் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டுக்கு வீடு மாறிவிட்டார்கள். போகும்போது கேக் தந்தார்கள். அந்தப் போனின் சார்ஜரும் தந்தார்கள்.