நிறைமாதச் சுண்டெலி

மேல்தட்டுக் கூண்டில் புது மரத்தூள் இருந்தது, தண்ணீர்ப் புட்டி இருந்தது. எலியைத்தான் காணோம். தென்கொரியாவின் ஜியோன்ஜு நகர ஆய்வுக்கூடத்தின் எலி அறையில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கும் தாக் ஹேசுக் மரத்தூளைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள்.

சாதாரண எலி என்றால் போகட்டும். பிறவிச் செவிடு பற்றி ஆராய வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வம்சம் அது. பிழைத்திருந்தது இந்த ஒரு பெண் எலிதான். அதுவும் நிறைமாதம். பியோன் காராம் என்ற மாணவி தன் முனைவர் பட்டத்தையே அதன் குட்டிகளை நம்பித்தான் வைத்திருந்தாள்.

காலையில் கூண்டுகளை மாற்றியவள் ஹேசுக். பழைய கூண்டோடு எலியையும் கீழே அனுப்பிவிட்டோமோ? அங்கே அழுக்குக் கூண்டுகளை நீராவியில் அவித்த பிறகுதான் கழுவுவார்கள். படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"என்ன தங்கச்சி, பேயக் கண்ட மாதிரி ஓடி வர்ற?" என்றார் கழுவும் அறை ஊழியர் மா.

"அண்ணே, எங்க ரூம் கூண்டெல்லாம் எங்க?"

"பாதி உள்ள வெந்துக்கிட்டிருக்கு. மிச்சம் இந்தா."

இருவருமாக மிச்சத்தைத் துழாவினார்கள். மரத்தூளும் புழுக்கையும்தான். மா நீராவிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ஹேசுக் நேராகக் காராமிடம் போனாள். "உன் எலியக் காணோம்டி. அவிக்கிற கூண்டோட போயிருக்கும்னு பயமா இருக்கு. நான்தான் மாத்துனேன்."

காராமின் முகம் வெளுத்தது. "அக்கா, அதக் கையில ஏந்தி புதுக்கூண்டுல விட்டது ஞாபகம் இருக்கா?"

"விட்டேன். வயிறு கதகதன்னு இருந்துச்சு. மூடிய அழுத்துனேனான்னுதான் தெரியல."

"அப்ப ரூமுக்குள்ளதான் இருக்கா. வாங்க!"

தரையில் குப்புறப்படுத்துத் தேடினார்கள். அலமாரிக்குப் பின்னால், தலையுறைகள் வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மூலையில் ஒரு ஓட்டை. அதிலிருந்து வெள்ளை நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஹேசுக் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தலையுறைகளைக் கிழித்துக் கட்டிய கூட்டுக்குள் காதில் அடையாள வில்லையோடு அந்த எலி. வயிற்றடியில் சிவப்புச் சிவப்பாய் நெளிந்தன குட்டிகள்.

"பெத்துட்டாக்கா!"

"கத்தாதடி! மிரண்டா குட்டியத் தின்னுரும்."

பெட்டியை அலுங்காமல் தூக்கிப் பெரிய கூண்டுக்குள் அப்படியே வைத்தார்கள். மூடியை இரண்டு தரம் அழுத்திய பிறகுதான் ஹேசுக் கையை எடுத்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பும் வந்தது.

"பிள்ள பெத்தவளுக்குக் கடற்பாசி சூப் வைக்கணும்ல? உங்க கையாலயே வைங்க, அதுதான் தண்டனை" என்றாள் காராம்.

விஷயம் கேட்டு வந்த ஆய்வுக்கூடப் பேராசிரியர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "மூடிய அழுத்தலையா?"

"இல்ல சார். என் தப்புதான்."

"இன்னொரு தரம் இப்படி நடக்கக் கூடாது" என்றவர், கூண்டருகே குனிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பால் குடுக்குதா?"

அது யாருக்கும் தெரியவில்லை. மிரண்ட தாய் குட்டிகளை ஒதுக்கிவிடுவதுமுண்டு. அன்றிரவு ஹேசுக்குக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து பார்த்தாள். எலி கூட்டைவிட்டுத் தீனி கொறிக்கப் போயிருந்தது. குட்டிகளின் கண்ணாடித் தோலுக்குள், வயிறு வயிறாக, வெள்ளை வெளேரென்று பால் தெரிந்தது.

காராமுக்குப் போன் செய்து சொன்னாள். பிறகு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்து, ஆவி பறக்கும் முளைப்பயறு சூப்பில் சோற்றைப் போட்டு, இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.